அலமேலம்மாள் திருப்பி வாங்கிய சீட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். எங்கள் வேதத்து நோன்பான தபசு காலம் வரும்போதெல்லாம் இந்த வருஷம் எழுதிவிடலாம் என்று உட்காருவேன். ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பற்றிய சமாசாரம், நமக்கு என்ன யோக்கியதை என்று தோன்றும். எழுந்து போய்விடுவேன். ஒருமுறை கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். சுவாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதிலே பாவம் எங்கே இருக்கிறது சவரிமுத்து?” என்றார். எனக்கும் தெரியவில்லை. பாவம் இல்லை என்றால் பாரம் இறங்கியிருக்க வேண்டும். அதுவும் இறங்கவில்லை.

நான் படித்தது நாலாம் பாரம் வரைக்கும். கன்டோன்மென்ட் பக்கம் ஜோகுபாளையத்திலிருந்து தினமும் நடந்து போய் நடந்து வந்து, சிட்டிப் பக்கம் ஒரு காலேஜ் லைப்ரரியில் அட்டெண்டராக இருந்து, யுத்தம் முடிந்த பிறகு ஓய்வு பெற்றவன். இப்போது லைப்ரரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை கற்றுத்தருவதற்காக அல்ல. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்பதைக் கொஞ்ச நாளில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். ஆனால் ஒரு நாள் ஒரு மாணவர் எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். அந்த நேரத்தில் நம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதை ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள்.

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம் இருந்தது. இன்டர்மீடியட் கடைசி வருஷத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு விஷயம் எடுத்து நீண்ட கட்டுரை ஒன்று எழுத வேண்டும். எடுத்த விஷயத்தை ஒரு சீட்டில் எழுதி லைப்ரரி வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். அதற்குக் கடைசி நாள் உண்டு. மறுநாள் காலையில் பெட்டியை நான் பேராசிரியர் வீட்டுக்குத் தூக்கிப் போவேன். அவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு, அந்தந்த விஷயத்துக்கு வேண்டிய புத்தகங்களை எடுத்து நீள மேஜையில் நிறுத்தி, மாணவர் பெயர் எழுதிய மரத்துண்டை முன்னால் வைப்போம். இதற்கு வரிசை என்று பெயர். வரிசை வைத்தாகிவிட்டால் வெற்றிலை பாக்கு மாற்றின மாதிரி. பிறகு யாரும் தலைப்பை மாற்றுவதில்லை.

சீட்டு விழும் காலம் வேடிக்கையாகவும் இருக்கும். ஒரு வருஷம் ஒரு பையன் ‘காற்று’ என்று ஒற்றை வார்த்தை எழுதிப் போட்டுவிட்டான். எங்கள் லைப்ரரியன் கன்னடக்காரர், எல்லோரும் ராயர் என்று கூப்பிடுவோம், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் பையனைக் கூப்பிட்டு, “எந்தக் காத்தப்பா? மழைக் காத்தா, பேய்க் காத்தா?” என்று கேட்டார். “உங்ககிட்ட எது இருக்கோ அது சார்” என்றான் அவன். ராயர் அன்று சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம், ராயர் இளகிய மனசுக்காரர் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் ஒருவரும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் இன்டர்மீடியட்டில் அலமேலம்மாள் என்று ஒரு பெண் படித்தார். பால்யத்தில் கல்யாணமாகி பால்யத்திலேயே தாலி இழந்தவர். நெற்றியில் ஒன்றும் இருக்காது. நிறமில்லாத புடவை. ரெவின்யூ ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு படித்தார். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் புகுந்த வீட்டார் மைசூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். மாமியார் படுக்கையில் கிடந்தார். பெண்ணை அனுப்புங்கள், இங்கே வேலைக்கு ஆள் இல்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பி.ஏ. படிக்க வைக்க அண்ணனுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கட்டுரைகளில் முதலாவதாக வருகிறவருக்கு, பி.ஏ. முடிகிற வரையில் காலேஜில் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பரிசு வந்தால் அலமேலம்மாள் படிக்கலாம். வராவிட்டால் மாமியார் வீடு. இது லைப்ரரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பரிசை ஏற்படுத்தி, அது யாருக்கு என்று தீர்மானிக்கிறவர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வயோதிகர். அவருடைய ஒரே மகளும் சிறு வயதில் விதவையாகி, அந்த ஏக்கத்திலேயே இறந்துபோனவள். இதுவும் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி நாளுக்குச் சில தினங்கள் முன்பு நான் காலையில் வந்தபோது நீள மேஜையில் ஒரு வரிசை இருந்தது. சீட்டு போவதற்கு முன்னால் வரிசை வைக்கிற பழக்கமே இல்லை. ஜனக்கணக்கு, சீர்திருத்தக்காரர்களின் பிரசங்கங்கள், சட்டப் புத்தகங்கள், எல்லாம் விதவைகளின் நிலைமை பற்றியவை. நேர்த்தியாக, பெரியதிலிருந்து சிறியதாக நிறுத்தியிருந்தது. முன்னால் அலமேலம்மாளின் பெயர்.

“சார், இந்தம்மா சீட்டு போட்டுட்டாங்களா?” என்று ராயரிடம் கேட்டேன்.

“இல்லப்பா. அது வாய் திறந்து கேக்காது. கூச்சம். நாமதான் எடுத்து வெக்கணும். வேற என்ன எழுதப் போகுது, நீயே சொல்லு.”

எனக்கும் அது தர்மமாகத்தான் பட்டது. அன்றைக்கே பேராசிரியர் மேஜைப் பக்கம் வந்தார். வரிசையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. அலமேலம்மாளைக் கூப்பிட்டார்.

“பேஷ். நானே சொல்லணும்னு இருந்தேன், எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். அனுபவிச்சவா எழுதினாத்தான் அதுக்கு ஜீவன். பெரியவர் இதைப் படிச்சா வேற கட்டுரையைக் கையாலே தொடமாட்டார், பார்த்துண்டே இரு.”

அலமேலம்மாள் வரிசையைப் பார்த்தார், ராயரைப் பார்த்தார். “நன்னா அடுக்கியிருக்கேள்” என்று மட்டும் சொன்னார். ராயருக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி நாளும் வந்தது. அலமேலம்மாள் சீட்டுப் போடவில்லை. பேராசிரியர் போகிற போக்கில் ராயரிடம், “அவ தயங்கறா. நீரே எழுதிப் போட்டுடும். நாளைக்கு அண்ணாக்காரன் நம்மைக் கும்பிடுவான்” என்றார். ராயர் எழுதி, தன் கையாலேயே பெட்டியில் போட்டார். “ஆயித்து, ஒரு புண்ணியம் ஆயித்து” என்று கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலில் அலமேலம்மாள் நின்றார். கையில் ஒரு சீட்டு.

“சவரிமுத்து, பெட்டியிலே என் பேர்லே ஒரு சீட்டு இருக்கு, ராயர் எழுதிப் போட்டதைப் பார்த்தேன். அதை நான் எழுதலே. எடுத்துத் தரேளா?”

“பெட்டியில விழுந்த சீட்டை வெளிய எடுக்கிற வழக்கம் இல்லைம்மா. ராயர் நாளைக்கு வருவாரு.”

“நாளைக்குக் கார்த்தாலே நீங்க பெட்டியை எடுத்துண்டு போயிடுவேளே.”

வாஸ்தவம். சாவி என் இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“உங்க கையில இருக்கிற சீட்டுல என்னம்மா எழுதியிருக்கு?”

“சம்பங்கி ஏரி.”

அவருடைய அண்ணன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்த ஏரி தெரியும். சிட்டிக்கும் கன்டோன்மென்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரெல்லாம் அந்தத் தண்ணீர்தான். குழாய் வந்த பிறகு கேட்பாரில்லாமல் வற்றிக்கொண்டு வந்தது. அதைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னார். ஏரி ஏன் வற்றுகிறது என்றுகூட இல்லையாம். குழாய் வந்த பிறகு அது யாருடையது என்றாம். எனக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்.

“அம்மா, நான் படிக்காதவன். ஆனா உள்ள இருக்கிற சீட்டு அங்கேயே இருந்தா பரிசு உங்களுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எனக்கும் தெரியும்.”

“ஏரியை எழுதினா?”

“கிடைக்காது. எழுதினதைப் படிக்கக்கூட மாட்டார் அந்தப் பெரியவர்.”

“அப்புறம் மாமியார் வீடுதானேம்மா?”

“ஆமாம்.”

அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: “ஆத்துலே நான் அதுதான். தெருவிலே இறங்கினா எதிர்லே வரவா ஒதுங்கிப் போறா, அங்கேயும் அதுதான். இந்த மேஜைக்கு முன்னாடி உக்காந்தா மட்டும் எனக்கு அது ஞாபகம் வரதில்லே. இங்கேயும் அதையேவா தூக்கிண்டு வரணும்? பரிசு கிடைச்சா சபையிலே படிச்சுக் காட்டணுமாம். அண்ணா முன்னாடி உக்காந்துண்டு கேட்பார். அதை என் வாயாலே அவரைக் கேக்க வைக்கணுமா?”

தம்பிமார்களே, அந்த நேரத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திறக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. லைப்ரரி வழக்கம் இருந்தது. ராயரின் நல்ல மனசு இருந்தது. அந்தப் பெண்ணின் படிப்பே அந்தச் சீட்டில் இருந்தது. பெற்ற தகப்பனாக இருந்தால், கையைப் பிடித்து, ‘அசடே, வாயை மூடிக்கொண்டு எழுது, படித்து மேலே போ’ என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சேசுவே, என்ன செய்யட்டும் என்று உள்ளுக்குள் கேட்டேன். பதில் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் அது பொய்.

பதில் வராத இடத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உள்ளே இருப்பது அவர் எழுதாத சீட்டு. வெளியே இருப்பது அவர் எழுதியது. பெட்டியைத் திறந்தேன்.

ராயர் எழுதிய சீட்டை அலமேலம்மாள் கிழிக்கவில்லை. மடித்து என்னிடம் கொடுத்து, “ராயர்கிட்டே கொடுத்துடுங்கோ. நல்ல மனசோட எழுதினது” என்றார். தன் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பெட்டியைப் பேராசிரியர் வீட்டில் வைத்துவிட்டு லைப்ரரிக்கு வந்து ராயரிடம் சீட்டைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சவரி, நீ அதுக்கு உபகாரம் பண்ணினியா, அபகாரம் பண்ணினியா?”

“தெரியலை சார்.”

“தெரியாம ஏன்பா திறந்தே?”

பேராசிரியர் மத்தியானம் வந்தார். அவர் கையில் ஏரிச் சீட்டு இருந்தது.

“சாவி யாருகிட்டே இருந்தது?”

“என்கிட்டதான் சார்.”

“நீ என்ன படிச்சிருக்கே?”

“நாலாம் பாரம் சார்.”

“அதோட நிறுத்திக்கோ. மத்தவா படிப்புக்குள்ளே வராதே.” பிறகு அலமேலம்மாளைக் கூப்பிட்டு, இன்னும் நாழியாகவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று தன்மையாகவே சொன்னார். அவர் வேண்டாம் என்றார். பேராசிரியர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வரிசை மேஜையிலேயே நின்றது. எடுத்து வைக்க ராயருக்கு மனம் வரவில்லை. இரண்டொரு நாளில் பேராசிரியர் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளையின் தலைப்பைச் சரியில்லை என்று தள்ளிவிட்டு, “அதோ ஒரு வரிசை தயாரா இருக்கு, அதை எடுத்துக்கோ” என்றார். மரத்துண்டை மாற்றி வைத்தது நான்தான். அது என் வேலை.

அலமேலம்மாளுக்குப் புதிதாக வைத்த ஏரி வரிசையில் ஒரு பழைய படமும் மெல்லிய புத்தகம் இரண்டும் இருந்தன. பிள்ளைகள் விடுவார்களா? “என்ன சவரி, உங்க ஏரி மேஜையிலேயே வத்திப் போச்சே” என்றான் ஒருவன். “மழை வரட்டும், ரொம்பிடும்” என்றான் இன்னொருவன். அலமேலம்மாள் காதில் விழுந்தது. தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டேன். என் சம்சாரம் என்ன நடந்தது என்று துருவிக் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவங்க பொருளை அவங்க கேட்டாங்க, கொடுத்துட்ட. இதுக்கு ஏன் தட்டைத் தள்ளுற?” என்றாள்.

“அந்தப் பொண்ணு படிப்புப் போயிடும்டீ.”

“போனா அது உன்கிட்ட வந்து அழட்டும், அப்ப நீயும் அழு. இப்ப சாப்பிடு.”

இரண்டு பேருமாக அன்றைக்கு ஜெபமாலையை அந்தப் பெண்ணுக்காக ஒப்புக்கொடுத்தோம். அவர் வேறு சுவாமியைக் கும்பிடுகிறவர்தான். ஆகட்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, சிட்டியில் ஒரு வேலையாக ஏரிக்கரை வழியாகப் போனேன். கரைக்குக் கீழே காய்கறித் தோட்டங்கள். அங்கே கீரை பயிரிட்டு வீடு வீடாக விற்கிற முனியம்மாள் என்கிற கிழவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கல்லின்மேல் அலமேலம்மாள். மடியில் காகிதம்.

முனியம்மாளுக்கு என்னைத் தெரியும். “வா சவரியண்ணே. இந்தம்மா கேக்கிற கேள்விக்கு போலீஸ்காரனே தேவலை. மதகை யாரு திறந்தா, எப்பத் திறந்தா, யாரு பாத்திக்கு முதல் தண்ணின்னு. எங்க கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேரு விசாரிக்கலை.”

“பதில் சொன்னியா?”

“சொல்லாம? மதகு திறக்கிற நீர்கண்டி ஒருத்தரு இருந்தாரு. அவரு திறந்தாத்தான் தண்ணி. மகாராஜா சொன்னாலும் அவரு திறக்கணும். இப்பத் தண்ணியில்லே. அவரு பேரன் பேட்டை சினிமாக் கொட்டாயில கதவு திறக்கிறான். என்ன பண்றது, திறக்கிற தொழில் அவங்க ரத்தத்துல இருக்கு.”

அலமேலம்மாள் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, யாராவது பார்த்தார்களோ என்று கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் குனிந்து அதையும் எழுதிக்கொண்டார்.

நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும், அவர் முகம் அன்றைக்கு மாணவர் முகமாக இருந்தது. வேறு எந்த அடையாளமும் அதில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்தச் சந்தோஷம் பரிசு நாள் வரைக்கும் இருந்தது.

பரிசு வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. அந்தப் பையன் பேரில் குற்றம் சொல்ல மாட்டேன். கண்ணும் கருத்துமாக உழைத்தவன். குரலும் நல்ல குரல். சபையில் நின்று விதவைகளின் துயரத்தைப் படித்தபோது பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர்கள் நடத்துகிற விதம், விசேஷ வீட்டில் ஒதுக்கி உட்கார வைப்பது, எதிரில் வந்தால் ஒதுங்குவது என்று ஒவ்வொன்றாக அவன் வாசிக்க வாசிக்க, ஜனங்கள் அலமேலம்மாள் இருந்த பெண்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர், பிறகு ஒரு வரிசை, பிறகு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்கூட. எல்லோருடைய கண்ணும் இரக்கமாகத்தான் இருந்தது. அண்ணன் மட்டும் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்குப் பயந்து அலமேலம்மாள் அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கினாரோ, அது அவரைத் தேடிக்கொண்டு பெஞ்சுக்கே வந்துவிட்டது. பரிசு மட்டும் வரவில்லை. பையன் முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கை எழவில்லை.

கூட்டம் கலைகிறபோது அண்ணன் என்னிடம் வந்தார்.

“சவரிமுத்து நீதானே?”

“ஆமாங்க.”

“பெட்டியைத் திறந்தது நீதான்னு அவ சொன்னா.” அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் தணிந்த குரலில், “நான் கொடூரன் இல்லேப்பா. அவாத்து மனுஷா என்னை நிம்மதியா இருக்க விடலே. பரிசு வந்திருந்தா அதைக் காட்டி வாயை மூடியிருப்பேன். காலேஜ்காராளே படின்னு சொல்றா, நான் என்ன பண்ணட்டும்னு சொல்லியிருப்பேன். இப்போ என் கையிலே காட்ட ஒண்ணும் இல்லே” என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு, தங்கையை அழைத்துக்கொண்டு போனார்.

காலேஜ் மூடுவதற்கு முன் அலமேலம்மாள் புத்தகங்களைத் திருப்ப வந்தார். ஏரிக் கட்டுரை அவருக்குத் திரும்பி வந்திருந்தது. ‘நல்ல உழைப்பு, விஷயம்தான் சிறியது’ என்று பேராசிரியர் மேலே எழுதியிருந்ததாக ராயரிடம் சொன்னார். ராயர் புத்தகங்களை வாங்கிக்கொண்டார். பிறகு அலமேலம்மாள் என் பக்கம் வந்தார். நான் கேட்டேவிட்டேன்.

“நான் அன்னிக்கு பெட்டியைத் திறந்திருக்கக் கூடாதோம்மா?”

இல்லை சவரிமுத்து, நல்லதுதான் செய்தீர்கள் என்று சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அதற்குத்தான் கேட்டேன் போலிருக்கிறது.

“தெரியலே. எனக்கு இன்னும் படிக்கணும்னு இருக்கு. அதை நினைச்சா அழுகை வரது. ஏரியை எழுதினது போறும்னு சொன்னா பொய். போறலே. ஆனா நீங்க அன்னிக்கு மாட்டேன்னு சொல்லியிருந்தா, இப்போ உங்ககிட்டே வந்து இதைச் சொல்லிண்டிருக்க மாட்டேன். பரிசு வாங்கிண்டு, தலையைக் குனிஞ்சுண்டு உங்களைத் தாண்டிப் போயிருப்பேன்” என்றார்.

மாமியார் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வண்டியை நிறுத்தி முனியம்மாளிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கினாராம். ரயிலில் போகிறவருக்குக் கீரை எதற்கு என்று கிழவி என்னிடம் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒரு சேதியும் இல்லை. அண்ணனும் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போய்விட்டார். ராயர் இருந்தவரையில், சீட்டு வருமுன் வரிசை அடுக்குவதை அப்புறம் ஒருநாளும் செய்யவில்லை.

நீங்களும் அப்படியே இருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. விதவை வந்தால் விதவையைப் பற்றி, குயவர் மகன் வந்தால் பானையைப் பற்றி, கிறிஸ்தவன் வந்தால் வேதத்தைப் பற்றி என்று கை தானாக அலமாரிக்குப் போகும். நல்ல மனசு உள்ள கைதான் முதலில் போகும். நெற்றியைப் பார்த்துத் தலைப்புக் கொடுக்காதீர்கள். அந்தப் பெண்ணே விதவைகளைப் பற்றித்தான் எழுதுவேன் என்று கேட்டிருந்தால், ராயர் அடுக்கின அதே வரிசை எவ்வளவு அழகாக இருந்திருக்கும். தன் காயத்தை எழுத நினைக்கிறவர்கள் உண்டு, அவர்களுக்குத் தைரியம் அதிகம். கேட்டால் கொடுங்கள். கேட்கிற வரைக்கும் பொறுங்கள். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது அவர்கள் கையெழுத்துத்தானா என்று மட்டும் பாருங்கள்.

இதை இப்போது எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் பழைய சிநேகிதர்களைப் பார்க்க லைப்ரரிக்கு வந்திருந்தேன். பின்கட்டில் காப்பி குடித்துக்கொண்டே உங்களில் ஒரு தம்பி இந்தக் கதையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அந்தச் சவரிமுத்து என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன கதையில் அலமேலம்மாள் பிற்காலத்தில் சென்னையில் பெரிய படிப்புப் படித்து, புரொபஸராகி, காரில் வந்து இறங்கி, பெட்டி திறந்த அட்டெண்டருக்குச் சால்வை போர்த்துகிறார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்ச நேரம் அப்படி நடந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாகிவிட்டது. நடந்திருந்தால் சர்வேசுரனுக்குத் தோத்திரம். எனக்குத் தெரிந்து நடக்கவில்லை.

ஆகையால் ஒரு வேண்டுதல். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது காரையும் சால்வையையும் எடுத்துவிடுங்கள். ராயரைப் பொல்லாதவராக ஆக்காதீர்கள், என்னைப் புத்திசாலியாகவும் ஆக்காதீர்கள். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை, பி.ஏ. படிக்கவில்லை, படிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் போனார் என்பதைக் கூசாமல் சொல்லுங்கள். அவர் தோற்றதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால், அவர் எதைத் தெரிந்துகொண்டே அந்தச் சீட்டைக் கேட்டார் என்பதும் கதையை விட்டுப் போய்விடும்.